ஒண்ணு உனக்கு, ஒண்ணு அவங்களுக்கு

சாந்தோமில் மாதா கோயிலுக்குப் பின்னால் ஒரு சந்தில் நாங்கள் குடியிருந்தோம். என் கணவருக்குப் பாரிமுனையில் ஒரு கப்பல் கம்பெனியில் குமாஸ்தா வேலை. நான் பங்குப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். கல்யாணமாகிப் பல வருஷமாகியும் பிள்ளை இல்லை. அதைப் பற்றிப் பேசுவதை எப்போதோ நிறுத்திவிட்டிருந்தோம்.

ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று காலியான ஊர் மெல்லத் திரும்பி வந்துகொண்டிருந்த காலம். ஒரு சாயங்காலம் காப்பி குடித்துக்கொண்டே அவர் சொன்னார்: தன் பேரில் இருந்த இரண்டு இன்ஷூரன்ஸ் பாலிசிகளில் ஒன்றை மாம்பலத்து அநாதைப் பெண்கள் விடுதிக்கு எழுதிக் கொடுத்துவிட்டாராம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அவர் அங்கே போய்க் கணக்குச் சொல்லிக்கொடுப்பது எனக்குத் தெரியும். ஏதோ பொழுது போகப் போகிறார் என்றிருந்தேன்.

"எனக்குப் பின்னால ஒண்ணு உனக்கு, ஒண்ணு அவங்களுக்கு," என்றார்.

பணம் போவது எனக்கு உறைக்கவில்லை. 'அவங்களுக்கு' என்றதுதான் உறைத்தது. விடுதியை நடத்துகிறவள் ஒரு விதவை, படித்தவள், என் வயதுக்காரி என்று கேள்விப்பட்டிருந்தேன். அவங்க என்றால் பிள்ளைகளா, அவளா? கேட்க நாக்கு எழவில்லை. அதற்கப்புறம் ஞாயிறு காலையில் அவர் தலை வாருவதைக்கூட நின்று கவனித்தேன். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளிடம் எரிந்து விழுந்தேன்.

ஒரு நாள் லீவு போட்டுவிட்டு மாம்பலம் போனேன். ரிக்‌ஷாக்காரரிடம் வழி கேட்டபோது, "பொண்ணுங்க விடுதியா? பார்க்காண்ட கீதும்மா," என்று கொண்டுபோய் விட்டார்.

அவள் முற்றத்தில் உட்கார்ந்து ஒரு சிறுமிக்குப் பேன் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைவிட அழகுதான். மனசுக்குள் ஒத்துக்கொண்டேன். இன்னாருடைய மனைவி என்றதும் எழுந்து பாய் போட்டாள். அவரைப் பற்றி அவளுக்கு அதிகம் தெரிந்திருக்கவில்லை. அவர் வருகிற நேரத்தில்தான் தனக்குத் துணி துவைக்க ஒழிகிறதென்றும், நின்று பேசினதே கிடையாதென்றும் சொன்னாள். அந்தக் குரலில் ஒளிவு மறைவு இல்லை. நெஞ்சில் இருந்த கல் இறங்கினதுபோல் இருந்தது.

அப்போது அந்தச் சிறுமி தலையைத் தூக்கி, "அப்பா வரலையா?" என்றாள்.

யார் அப்பா என்று கேட்டேன். அந்த அம்மாள் சிரித்தாள். "உங்க வீட்டுக்காரர்தாம்மா. யாரும் சொல்லிக்கொடுக்கலை, இதுங்களா கூப்பிட ஆரம்பிச்சிடுச்சுங்க. அவரும் வேணாம்னு சொல்லலை."

வேணாம் என்று சொல்லவில்லையாம். திரும்பி வரும் வழியெல்லாம் வயிறு எரிந்தது. அவள்மேல் பொறாமைப்பட்டபோதாவது இது நியாயம் என்ற தைரியம் இருந்தது. இப்போது எண்ணெய்கூடப் பார்க்காத தலைகளோடு நிற்கிற குழந்தைகள்மேல் பொறாமை. அவர்மேல் அதைவிடப் பெரிய பொறாமை. ஒரே வீட்டில், ஒரே குறையோடு இருந்தவர்கள் நாங்கள். அவர் மட்டும் போய்த் தகப்பனாகிவிட்டார்.

லஸ்ஸில் இருந்த ஓர் இன்ஷூரன்ஸ் ஏஜெண்டைப் பார்த்தேன். பொம்பளைகள் பாலிசி எடுப்பது அபூர்வம் என்று அவர் இழுத்தார். எனக்கும் சம்பளம் வருகிறது என்றேன். ராயப்பேட்டையில் ஒரு லேடி டாக்டர் நாடி பிடித்துப் பார்த்து ஆரோக்கியம் என்று சான்று கொடுத்தார். பாலிசி கைக்கு வந்ததும் அதை எங்கள் பள்ளிக்கூடத்து ஏழைப் பிள்ளைகளின் மதியச் சாப்பாட்டுக்கு எழுதிக் கொடுத்தேன். தர்மம் செய்கிற எண்ணத்தைவிட, அவருக்கு இடமில்லாத ஒன்று எனக்கும் வேண்டும் என்ற வீம்புதான் அதிகம்.

அன்றைக்கு அவர் என்னிடம் சொன்ன மாதிரியே, ஒரு சாயங்காலம் காப்பியைக் கொடுத்துவிட்டு அவரிடம் சொன்னேன். அவர் முகம் சுருங்கிவிட்டது.

"நம்ம பிள்ளைங்களுக்கே எழுதியிருக்கலாமே," என்றார்.

"உங்க பிள்ளைங்கன்னு சொல்லுங்க. என்னை யாரு அங்க கூப்பிட்டா?"

நான் போய்ப் பார்த்துவிட்டு வந்ததை அப்போதுதான் சொன்னேன். அவர் டம்ளரைக் கீழே வைத்தார். பிறகு, "அதுங்களைப் பார்த்தா நீ அழுவியோன்னு பயம். அதான் கூப்பிடலை," என்றார்.

"அழுதா அழுதுட்டுப் போறேன்," என்றேன்.

அடுத்த ஞாயிறு சேர்ந்தே போனோம். அதற்கப்புறம் எல்லா ஞாயிறும் போனோம். நான் தையல் சொல்லிக்கொடுத்தேன், ஜடை பின்னிவிட்டேன், காய்ச்சல் வந்தவளுக்குக் கஞ்சி வைத்தேன். பாலிசியை மாற்றி எழுதச் சொல்லி அவரும் கேட்கவில்லை, நானும் மாற்றவில்லை.

ஆனால் அந்தப் பிள்ளைகள் கடைசி வரைக்கும் என்னை டீச்சர் என்றே கூப்பிட்டார்கள். பஸ்ஸை விட்டு இறங்கி நாங்கள் தெருமுனை திரும்பும்போதே அப்பா என்று கத்திக்கொண்டு ஓடி வந்து அவர் கையைப் பிடிப்பார்கள். நான் தையல் பையைத் தூக்கிக்கொண்டு இரண்டடி பின்னால் போவேன். அவர் திரும்பிப் பார்த்து, வா என்பார். வருகிறேன் என்பேன். எரிச்சலாகத்தான் இருக்கும்.