தையல்காரரும் அளவெடுக்கும் கருவியும்

தையல்காரருக்கு அறுபத்தெட்டாம் வயதில் இதயம் பலவீனப்பட்டது. மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியபோது, அரசுக் காப்பீட்டுச் செலவில் ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி ஒன்றைக் கொடுத்தனுப்பினார்கள். அதைக் கையில் கட்டிப் பொத்தானை அழுத்தினால், அளவு தானாகவே கண்காணிப்பு மையத்துச் செவிலியருக்குப் போய்விடும். நிபந்தனை ஒன்றுதான்: வேறு எவருடைய கையையும் அதில் கட்டக் கூடாது, கட்டினால் சலுகை ரத்தாகும்.

அந்தக் கருவி வந்த பிறகுதான், கணவருக்கு மூச்சு வருகிறதா என்று எழுந்தெழுந்து பார்ப்பதை விட்டு மனைவி நிம்மதியாகத் தூங்கினாள்.

ஆனால் கடைக்குள் கால் வைத்தவரையெல்லாம் நிற்கவைத்து அளவெடுத்தே பழகியவர் தையல்காரர். வீட்டுக்கு வந்தவரைச் சும்மா அனுப்ப அவருக்கு மனம் வரவில்லை. மாடிவீட்டு ஆசிரியை கையை நீட்டினார், பால்காரர் நீட்டினார். "கடையை மூடிட்டீங்கன்னு நெனச்சேன், கூடத்துலயே தொறந்துட்டீங்க" என்று மனைவி இடித்துக்காட்டியும் பயனில்லை. ஒரு ஞாயிறன்று அவளுடைய தம்பி வந்தான். லாரி ஓட்டுபவன், ஆஸ்பத்திரி வாசலை மிதித்ததே இல்லை என்று மார்தட்டுபவன். அவன் கையிலும் கட்டி அனுப்பிவைத்தார்.

அவன் தெருமுனையைக்கூடத் தாண்டியிருக்க மாட்டான், தொலைபேசி அடித்தது.

"ஐயா, அசையாம படுங்க. பிரஷர் இருநூறத் தாண்டிடுச்சு. ஆம்புலன்ஸ் அனுப்புறேன்" என்றாள் செவிலி.

தையல்காரர் அப்போது சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கருவி தப்பாகக் காட்டியிருக்கும் என்று சொல்லச் சொல்லி பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த மனைவி கண்ணாலேயே கெஞ்சினாள். அவர் அவளையே ஒரு கணம் பார்த்தார்.

"அது என் கை இல்லம்மா. என் மச்சினன் கை."

செவிலி பழைய பதிவுகளைப் புரட்டினாள். "அப்ப முந்தாநாள் ரொம்பக் கொறச்சலா வந்துச்சே?"

"அது மாடிவீட்டு டீச்சர்."

"ஐயா, இத எழுதினா மிஷினத் திருப்பி வாங்கிடுவாங்க."

"வாங்கிக்கட்டும்மா. ஒருத்தர் அளவுக்கு இன்னொருத்தர் சட்டைய நான் வெட்டினதே இல்ல. மொதல்ல அவனப் பாருங்க, லாரி எடுக்கப் போயிட்டிருக்கான்."

பேசி முடிப்பதற்குள் மனைவி செருப்புகூடப் போடாமல் தெருவில் இறங்கியிருந்தாள். பேருந்து நிறுத்தத்தில் தம்பியைச் சட்டையைப் பிடித்து இழுத்து வந்து ஆம்புலன்சில் ஏற்றினாள். அன்றே அவனுக்கு மாத்திரை தொடங்கினார்கள்.

கருவி பறிபோயிற்று. மனைவி பழையபடி எழுந்தெழுந்து பார்த்தாள். அவரைக் குறைசொல்லி ஒரு வார்த்தையும் பேசவில்லை. இரண்டு மாதம் கழித்து, செவிலி எழுதிய சிபாரிசின் பேரில் கருவி திரும்பி வந்தது. மனைவி அதை அலமாரியில் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"வந்தவங்களுக்குக் காபி குடுங்க, கத பேசுங்க. கையத் தொட்டீங்க, தெரியும்."

தையல்காரர் அதன்பின் ஒன்பது ஆண்டுகள் வாழ்ந்தார். மச்சினன் பதினேழு.