பாலனுக்கு வைக்கோல் மெத்தை

எனக்குப் பத்து வயது, தங்கைக்கு எட்டு. அந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு எங்கள் ஊர்க் கோயிலில் குழந்தை இயேசுவின் சுரூபத்தை யார் ஏந்திக்கொண்டு போவது என்று எனக்கும் அவளுக்கும் போட்டி. போட்டி என்று நான்தான் சொல்கிறேன். அப்படி ஒன்று நடந்ததே அவளுக்குத் தெரியாது.

ஊர் திருமானூருக்குப் பக்கம். பெரிய கோயிலில் நடுராத்திரிப் பூசையை முடித்துவிட்டு, விடிந்த பிறகுதான் பங்குச் சாமியார் எங்கள் சின்னக் கோயிலுக்கு வருவார். பூசைக்கு முன்னால் ஒரு பிள்ளை பாலன் சுரூபத்தை வாசலிலிருந்து ஏந்திவந்து, மாட்டுக்கொட்டில் மாதிரி ஜோடித்த குடிலில் கிடத்த வேண்டும். ஊரே எழுந்து நின்று பாடும். முந்தின வருஷம் தங்கைக்கு இறக்கை கட்டிச் சம்மனசாக நிறுத்தினார்கள். அவளுக்குச் சுருட்டை முடியாம். என் முடி தென்னங்குச்சி மாதிரி நிற்கும் என்பதால் இடையர் கூட்டத்தில் தள்ளி, கையில் ஓர் ஆட்டுக்குட்டியைக் கொடுத்துவிட்டார்கள். பூசை முடிவதற்குள் குட்டி என் புதுப் பாவாடையை நனைத்துவிட்டது. அந்த வயிற்றெரிச்சல் ஒரு வருஷமாகியும் அடங்கவில்லை.

இந்த முறை பாலனை யார் ஏந்துவது என்று முடிவுசெய்ய, ஞாயிறுதோறும் டவுன் பஸ் பிடித்து வந்து எங்களுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுக்கும் சிஸ்டர் ஓர் ஏற்பாடு செய்தார். ஆளுக்கு ஒரு கொட்டாங்கச்சி கொண்டுவரச் சொன்னார்.

"இதான் பாலனோட தொட்டில். மார்கழிக் குளிருல அவருக்கு மெத்தை வேணும்ல? ஜெபமாலையில பத்து மணி பராக்கில்லாம சொன்னா, ஒரு வைக்கோல் துண்டு போட்டுக்குங்க. பராக்கு வந்துட்டா போடக் கூடாது. யாரு தொட்டில் நெறையுதோ, அவங்கதான் பாலனத் தூக்கிட்டு வரணும்."

பராக்கு என்றால், வாய் ஜெபம் சொல்லிக்கொண்டிருக்க மனசு வேறெங்காவது மேயப் போவது. அதைப் பார்ப்பதற்கு ஆளே கிடையாது. போட வேண்டியதும் அவரவர்தான், போடாமல் இருக்க வேண்டியதும் அவரவர்தான். சிஸ்டர் சென்னைப் பக்கத்துக்காரர். வைக்கோலைக் கணக்காக வைத்தால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியவில்லை. எங்கள் வீட்டுக் கொல்லையில் வைக்கோல் போரே கூரை உயரத்துக்கு நின்றது.

முதல் நாள் நியாயமாகத்தான் உட்கார்ந்தேன். இரண்டாவது மணியிலேயே சுவரில் ஒரு பல்லி வந்தது. நாலாவது மணியில், அம்மா குழம்பில் போட்ட கருவாட்டுத் துண்டுகளில் பெரியது யாருக்கு என்ற யோசனை. பத்து முடிந்ததும் வைக்கோலைப் போட்டேன். பல்லி தானாக வந்தது, நானா கூப்பிட்டேன் என்று எனக்கு நானே தீர்ப்பும் சொல்லிக்கொண்டேன்.

தங்கை போடவில்லை.

"பராக்கு வந்துடுச்சும்மா. ஆறாவது மணியில வெளிய கன்னுக்குட்டி கத்துச்சு, அது பால் குடிச்சிருக்குமான்னு நெனச்சிட்டேன். மறுபடி சொல்றேன்."

"நாளைக்குச் சொல்லிக்கலாம் வாடி, சோறு ஆறுது."

"இன்னும் ஒரே ஒரு தடவம்மா."

மறுபடி முதல் மணியிலிருந்து தொடங்கினாள். அதிலும் ஏதோ வந்திருக்க வேண்டும், மூன்றாம் முறையும் சொன்னாள். கடைசியில் வெறும் கொட்டாங்கச்சியைப் பார்த்துவிட்டு, ஆறின சோற்றைத் தின்றுவிட்டுப் படுத்தாள். நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

இப்படியே போயிருந்தால் எனக்குக் கவலையே இல்லை. பத்து நாளில் என் கொட்டாங்கச்சி பாதி நிறைந்துவிட்டது, அவளுடையதில் ஒரே ஒரு துண்டு. ஆனால் அம்மா தண்ணீர்க் குழாயடியில் பேசியது அந்த ஒரு துண்டைப் பற்றித்தான்.

"எங்க சின்னவள பாக்கணுமே. எத்தன தடவ பராக்கு வந்தாலும் விட மாட்டேங்கறா. மறுபடி மறுபடி மொதல்லேருந்து சொல்லிக்கிட்டே ஒக்காந்திருக்கா."

என் பாதிக் கொட்டாங்கச்சியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு பின்னாலேயே நின்ற எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தோற்பவளுக்கு என்ன பாராட்டு? நான் வேண்டாதவளாகிவிட்டேனா?

அன்று சாயங்காலத்திலிருந்து அவளுக்குப் பராக்கு உண்டாக்குவதே என் வேலையாயிற்று. ஜெபம் சொல்லும்போது அவள் பாதத்தில் வைக்கோலால் கோடு இழுப்பேன். பூனையைத் தூக்கிவந்து பக்கத்தில் விடுவேன். ஒரு நாள் அவள் ஒன்பதாவது மணியில் இருந்தபோது காதருகே போய், "ஒம் பின்னாடி தேளு" என்றேன். துள்ளி எழுந்தாள். தேள் இல்லை என்று தெரிந்ததும் என்னை ஒரு பார்வை பார்த்தாள். அம்மாவிடம் சொல்லப் போகிறாள், இன்றைக்கு விளக்குமாறுதான் என்று நான் காத்திருந்தேன்.

"பராக்கு வந்துடுச்சு" என்று மட்டும் சொல்லிவிட்டு, மண்டியிட்டு, முதல் மணியைப் பிடித்தாள். அடித்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு கோபம் வந்திருக்காது. கொல்லைக்குப் போய்ப் போரிலிருந்து ஒரு பிடி உருவி, விரல் நீளத்துக்கு ஒடித்து, என் கொட்டாங்கச்சியில் அமுக்கி வைத்தேன்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிறு சிஸ்டர் எல்லாருடையதையும் பார்த்தார். என்னுடையது தூக்கணாங்குருவிக் கூடு மாதிரி பிதுங்கிக்கொண்டிருந்தது.

"இவ்வளவும் பராக்கில்லாமலா?"

"ஆமாங்க சிஸ்டர்."

கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தார். பிறகு, "சரி, நீயே தூக்கு" என்றார். தங்கையுடையதில் ஏழு துண்டுகள் இருந்தன. அவள் தலையை ஒரு முறை தடவிவிட்டு அடுத்த பிள்ளையிடம் போனார். அந்தத் தடவல் எனக்குக் கிடைக்கவில்லை என்பதை நான் கவனிக்கத் தவறவில்லை.

கிறிஸ்துமஸ் காலையில் பூப்போட்ட தலையணை மேல் பாலனை ஏந்திக்கொண்டு நடந்தேன். எல்லாரும் என்னைப் பார்க்கிறார்களா என்று நான் பார்த்துக்கொண்டே போனதில் படி தடுக்கியது, நல்லவேளை விழவில்லை. குடிலில் சிஸ்டர் எல்லாக் கொட்டாங்கச்சி வைக்கோலையும் ஒன்றாகக் கொட்டிப் பரப்பியிருந்தார். எது என் வைக்கோல், எது அவளுடையது என்று யாருக்கும் தெரியாது. பாடுபட்டுச் சேர்த்தவளைப் போல எனக்கு அதிலும் மனத்தாங்கல்தான்.

பாலனைக் கிடத்திவிட்டு வந்து தங்கையின் பக்கத்தில் மண்டியிட்டேன். அவள் என் காதுக்குள் கேட்டாள்.

"யக்கா, ஒனக்கு மட்டும் எப்படிக்கா பராக்கே வர மாட்டேங்குது? எனக்கு அப்படியே ஆசையா இருக்குக்கா. எப்படின்னு சொல்லிக் குடுக்கா."

ஒரு வருஷமாக எதற்காகத் தவித்தேனோ அது கிடைத்துவிட்டது. அவள் என்னைப் பார்த்துப் பொறாமைப்படுகிறாள்! குரலைக் கனமாக்கிக்கொண்டு, "கண்ண நல்லா இறுக்கி மூடிக்கணும். வேற எதையும் நெனைக்கக் கூடாது. அவ்வளவுதான்" என்றேன்.

தலையாட்டிவிட்டு அங்கேயே கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். அவள் உதடுகள் அசையத் தொடங்கின. நான் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தேன், இன்னும் எத்தனை பேர் என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று. பாலனைத் தூக்க அவளுக்கு ஆசையில்லை, என் வைக்கோலில் ஒரு துண்டைக்கூட அவள் சந்தேகப்பட்டதில்லை, அவள் நிஜமாகவே என்னிடம் ஜெபம் கற்றுக்கொள்ளத்தான் வந்தாள் என்பதெல்லாம் அன்றைக்கு எனக்கு எட்டவே இல்லை.