தகரத்துக்கு ஒரு மடிப்புத் தையல்

தையல்காரரின் கழுத்தில் அளவு நாடா எப்போதும் இருக்கும். மனசு எங்கே இருக்கும் என்று அவருக்கே தெரியாது. ஒருமுறை ஒரே சட்டைக்கு மூன்று கை வெட்டி வைத்துவிட்டு, மூன்றாவது யாருக்கு என்று அரைநாள் யோசித்த மனுஷன். தெருவில் அவருக்கு 'மேகம்' என்று பெயர். அப்படிக் கூப்பிட்டாலும் சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்ப்பார்.

அந்த மேகம் தகரத்தில் கை வைத்ததற்குக் காரணம் அவர் மனைவி. நாலு வருஷமாக அவளுக்கு இடுப்புக்குக் கீழே அசைவில்லை. கட்டிலும் சன்னலும்தான் உலகம். ஒரு காலத்தில் குளமே கதியென்று நீந்திக் கிடந்தவள், படுத்த பிறகு எதையும் கேட்பதையே விட்டுவிட்டாள். ஒரு மத்தியானம், சன்னல் வெயில் போர்வையில் நகர்வதைப் பார்த்தபடி, "தண்ணியில மிதந்துக்கிட்டே ஒரு தடவை வானத்தைப் பாக்கணும் போல இருக்குங்க," என்றாள். சொன்ன கையோடு, கேட்டதே தப்பு என்பது போல முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இதுவும் நடக்காமல் போனால் இனி வாய் திறந்து எதையும் கேட்க மாட்டாள். மேகத்துக்கு அது தெரியும்.

ஒருவர் சாய்ந்து படுக்கிற அளவுக்கு ஒரு தகரத் தோணி செய்வதென்று முடிவானது. அவள் தம்பி இரும்புக் கதவு செய்கிற வெல்டர். வந்தான், கறுப்புக் கண்ணாடியை மாட்டினான், பற்றவைத்தான். தகரமோ அட்டையை விட மெல்லிசு. பொறி பட்ட இடமெல்லாம் பொத்தல்.

"இதுக்கு நம்ம தீ ஆகாது மாமா," என்று கையை விரித்தான்.

"அப்ப தச்சிடுவோம் மாப்ளே."

விளையாட்டாகச் சொல்லவில்லை. இரண்டு தகர விளிம்புகளையும் கொக்கி போல மடித்து, ஒன்றுக்குள் ஒன்றைக் கோத்து, மரச்சுத்தியால் படியத் தட்டி, மேலே ஈயத்தை உருக்கி ஓட்டினால் சொட்டுத் தண்ணீர் இறங்காது. சட்டையின் பக்கவாட்டில் போடும் மடிப்புத் தையலேதான், நூல் மட்டும் கிடையாது. காலையில் கடை திறக்கும் முன் பின்அறையில் டொக் டொக் என்று தட்டுவார். அடுத்த அறையில் அவள் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருப்பாள். சில நாள் அந்தச் சத்தத்திலேயே மிதந்து தூங்கிவிடுவாள்.

வேலை முடிந்த அன்று தம்பி வந்து தோணியைக் கவிழ்த்துப் பார்த்தான். விழுந்து விழுந்து சிரித்தான்.

"மாமா! மடிப்பையெல்லாம் வெளிய விட்டுட்டீங்களே! உள்பக்கம்னுதானே படம் போட்டீங்க?"

சுவரில் ஒட்டிய படத்தைப் பார்த்தார். உண்மைதான். வெளிப்பக்கம் வழவழவென்று இருந்தால்தான் கல்லில் மாட்டாது என்று அவரே எழுதியிருந்தார். துணியென்றால் பிரித்துத் தைக்கலாம். மடித்த தகரத்தைப் பிரித்தால் முறிந்துபோகும். மேகம் தரையில் உட்கார்ந்துவிட்டார். "கை தன்னால போயிடுச்சுடா," என்றார். அழுகை வரும்போல் இருந்தது.

"அதை இங்க கொண்டாங்க," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

கட்டிலை ஒட்டி வைத்தார்கள். அவள் கையை உள்ளே விட்டு, எட்டின மட்டும் மெதுவாகத் தடவினாள். எங்கேயும் ஒரு மேடு இல்லை. பிறகு தன் சட்டையின் தோளைப் பிடித்துத் தம்பிக்குக் காட்டினாள். அதிலும் தையல் வெளிப்பக்கம்தான் இருந்தது. முதுகில் தையல் அழுந்தினால் அவளுக்குப் புண் வந்துவிடும். அதனால் நாலு வருஷமாக அவளுடைய உடுப்பை எல்லாம் அவர் அப்படித்தான் தைக்கிறார்.

"எனக்குன்னு தச்சா அவர் கைக்கு வேற மாதிரி வராதுடா," என்றாள்.

தம்பி சிரிப்பை நிறுத்தி, தலையைச் சொறிந்துகொண்டான்.

மறுநாள் காலை குளத்தில் இடுப்பளவு தண்ணீரில் மேகம் நடந்தார், தோணியின் விளிம்பில் ஒரு கை. அடியில் மடிப்பு இரண்டு தடவை கல்லில் உரசியது. அவர் தூக்கி நகர்த்தினார். மேலே வெள்ளையாக ஏதேதோ போய்க்கொண்டிருந்தன, அவள் தோணிக்குள் சாய்ந்து பார்த்துக்கொண்டே கிடந்தாள். அவள் விரல்கள் தண்ணீருக்குள் இருந்தன.

"என்னங்க."

"ம்?"

"அடுத்த வாரமும் வரலாமா?"

நாலு வருஷத்தில் அவள் கேட்ட இரண்டாவது விஷயம். மேகம் வேகவேகமாகத் தலையை ஆட்டினார்.