கிளம்பினால் ஒரு ரிங், சேர்ந்தால் இரண்டு

அண்ணன் அனுப்பிய போட்டோவில் அந்தக் கப்பலுக்கு இரண்டு உடம்பு இருந்தது. பக்கத்தில் பக்கத்தில் இரண்டு மெலிந்த ஓடங்கள், அவற்றின் மேல் கல்யாண மண்டபத்தையே தூக்கி வைத்ததுபோல் ஒரு தளம். பின்பக்கம் எழுதியிருந்தான்: "இதைத்தான் இங்க கட்டமரான்ங்கறானுங்க, நம்ம கட்டுமரமாம். நம்ம தெருவுல சொல்லாதீங்க, சிரிப்பாங்க." அண்ணி சிரித்தாள். என் கண் மட்டும் தளத்தில் வரிசையாக நின்ற மணல் நிற லாரிகளை விட்டு நகரவில்லை.

சுனாமியில் படகு போன பிறகுதான் அண்ணன் காரைக்காலை விட்டு வளைகுடாவுக்குப் போனான். ஈராக்கில் சண்டை நடந்துகொண்டிருந்த காலம். ராணுவத்துக்கு வண்டியும் சாமானும் கொண்டுபோகும் வேகக் கப்பலில், லாரிகளைச் சங்கிலி போட்டுத் தளத்தோடு இறுக்கிக் கட்டுவது அவன் வேலை. நான் எட்டாவதோடு நின்றவள். அந்த ஊர்களெல்லாம் எந்தப் பக்கம் இருக்கின்றன என்றுகூடத் தெரியாது. தெரியாத இடம் என்றால் எனக்குப் பயம் இரண்டு மடங்காகிவிடும். டி.வி.யில் குண்டு வெடித்தால் அந்தப் புகைக்குள் அண்ணனைத் தேடுவேன். போனில் அழுதால், "ஏ பாப்பா, நம்ம லாஞ்சுல மீனுக்குப் போனா நாலு நாள் கவலைப்படுவ. இது காலையில கிளம்பினா சாயங்காலம் கரை. உனக்குக் கவலைப்படவே நேரம் கெடையாது" என்பான்.

நான் விடவில்லை. எங்கள் தெருவில் கடலுக்குப் போகிறவர்கள், படகு முகத்துவாரம் தாண்டும்போதும், திரும்பிக் கரையை நெருங்கும்போதும் வீட்டுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுப்பார்கள். அதையே அவனிடமும் கேட்டேன். "கிளம்பினா ஒரு ரிங், சேந்தா ரெண்டு ரிங். நான் எடுக்கவே மாட்டேண்ணே."

"கப்பல்ல போனைத் தொடக் கூடாது பாப்பா."

"ஒரு ரிங்தானே."

நான் மூக்கை உறிஞ்சினேன். பிறகு, "சரி, அழுது தொலைக்காத" என்றான்.

மூன்று மாதம் அந்தச் சத்தத்தில்தான் உயிரோடு இருந்தேன். பக்கத்து ஊரான குரும்பகரத்தில் வாசல் வாசலாக மீன் கூடையை இறக்கி வைக்கும்போதும் காது இடுப்பில் செருகிய போனிலேயே இருக்கும். இரண்டு ரிங் வந்தால்தான் சோறு இறங்கும். "அவரு உனக்கு அண்ணனா, இல்ல நீ அவருக்கு மாமியாரா?" என்று அண்ணி கேலி பண்ணுவாள்.

ஒரு வியாழக்கிழமை காலை ஒரு ரிங் வந்தது. சாயங்காலம் எதுவும் வரவில்லை. மறுநாளும் இல்லை. நான் கூப்பிட்டால் அவன் போன் அணைந்து கிடந்தது. ஆள் பிடித்து அனுப்பிய ஏஜெண்டும் எடுக்கவில்லை. அண்ணி கேலியை நிறுத்திவிட்டாள். அது என்னை இன்னும் கலக்கியது. ஆறாம் நாள் பகலில் அண்ணன் கையில் ஒரே ஒரு பையோடு வாசலில் வந்து நின்றான்.

கப்பல் மூழ்கவில்லை, குண்டும் விழவில்லை. அவன் போனைத் தொட்டதை ஒருவன் பார்த்திருக்கிறான். வாங்கிப் பார்த்தால், கப்பல் கிளம்பிய நேரம், சேர்ந்த நேரம் எல்லாவற்றிலும் ஒரே இந்திய நம்பர். ராணுவக் கப்பல் எப்போது நகர்கிறது என்பது வெளியே போகக் கூடாத சேதி. மூன்று நாள் ஓர் அறையில் உட்கார வைத்து, யார் அந்தப் பெண், யாருக்காகக் கேட்கிறாள் என்று மாற்றி மாற்றிக் கேட்டிருக்கிறார்கள். "தங்கச்சிக்குப் பயம்னு சொன்னேன். எழுதிக்கிட்டிருந்தவன் பேனாவை வெச்சுட்டு என்னையே பாக்குறான். நம்பவே இல்லை" என்று சொல்லிச் சிரித்தான். அப்புறம் சீட்டைக் கிழித்து விமானம் ஏற்றிவிட்டார்கள்.

அண்ணி திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். தட்டில் சோற்றைப் போட்டு என் முன்னால் தள்ளி, "நீ கேக்கலன்னா நான் கேட்டிருப்பேன். சாப்புடு" என்றாள்.

இப்போது அண்ணன் அடுத்தவர் லாஞ்சில் கூலிக்குப் போகிறான். போகிற அன்று வாசலில் நின்று, "கிளம்புறேன் பாப்பா" என்பான். கடலில் காற்று ஏறியிருக்கும். போகாதே, பயமாக இருக்கிறது என்று நாக்கு நுனிவரை வரும். பயம் என்ற அந்த ஒரு சொல்லுக்காக ஏற்கெனவே ஒரு வேலையைப் பறிகொடுத்தவன் அவன். "சரிண்ணே" என்கிறேன்.