கிளீனருக்குத் தெரியாத பிரவுசர்

எனக்குச் சுத்தப் பைத்தியம் என்று வீட்டில் சொல்வார்கள். நானும் மறுப்பதில்லை. கம்பத்தில் சொட்டுநீர்க் குழாய்க் கடை வைத்திருப்பவனுக்கு அடைப்பு என்கிற சொல்லே பிடிக்காது. திராட்சைத் தோட்டத்துக்காரர் யாராவது வந்து கடைசி வரிசைக்குத் தண்ணீர் போகவில்லை என்றால், ஃபில்டரை எப்போது கழுவினீர்கள் என்றுதான் முதலில் கேட்பேன். முழிப்பார். அங்கேயே நான்கு வார்த்தை திட்டிவிட்டுத்தான் சாமானை எடுத்துக் கொடுப்பேன்.

கடைக் கம்ப்யூட்டரும் இந்தப் பைத்தியத்துக்குத் தப்பவில்லை. வெள்ளிக்கிழமை காலையில் கடையைக் கழுவிவிட்டு, கல்லாவுக்கும் கம்ப்யூட்டருக்கும் சந்தனப் பொட்டு வைத்துச் சூடம் காட்டுவேன். அடுத்த வேலை, கிளீனரைத் திறந்து ஓட்டுவது. பழைய குப்பையைத் தேடி எடுத்து அழிக்கும் ஒரு சின்ன மென்பொருள் அது. பச்சைப் பட்டை முழுதாக ஓடி முடிந்து, இவ்வளவு குப்பை நீக்கப்பட்டது என்று காட்டும்போது எனக்கு வருகிற நிம்மதியை மற்றவர்களுக்கு விளக்க முடியாது. பார்ப்பவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

அந்தக் கம்ப்யூட்டரில் நான் கை வைக்காத இடம் ஒன்று உண்டு. சிவராத்திரிக்குப் பங்காளிகள் எல்லாரும் குலசாமி கோயிலுக்குப் போகும்போது எடுக்கிற படங்களை, டி டிரைவில் 'குலசாமி' என்று ஒரு ஃபோல்டர் போட்டு வைத்திருக்கிறோம். ஒருமுறை ஒரே மாதிரி இருக்கிறதே என்று அதில் நாலைந்து படங்களை அழித்தேன். அந்த வாரமே வண்டியிலிருந்து விழுந்து மணிக்கட்டு உடைந்தது. இரண்டுக்கும் சம்பந்தம் உண்டு என்று இன்றைக்கும் நம்புகிறேன். சாமிக்கு நேர்ந்துவிட்ட கிடாய் வெள்ளாமையில் வாய் வைத்தாலும் எங்கள் பக்கம் யாரும் கல்லெடுத்து எறிய மாட்டோம். அந்த ஃபோல்டரும் எனக்கு அப்படித்தான். அதைத் திறந்தே நாலைந்து வருடம் இருக்கும், புதுப் படங்களை ஏற்றுவதும் என் மனைவிதான்.

என் மனைவி தோட்டக்கலை படித்தவள். கல்யாணத்துக்குப் பிறகு கடையில் என்னோடு உட்கார்ந்துவிட்டாள். இந்த மண்ணுக்கு எவ்வளவு அழுத்தத்தில் தண்ணீர் விட வேண்டும் என்று என்னைவிட அவளிடம் கேட்கிற விவசாயிகள்தான் அதிகம். அரசு வேலைக்கு ஒரு தேர்வு எழுத வேண்டும் என்று அவளுக்கு நெடுநாள் ஆசை. இரண்டு வருடத்துக்கு முன்னால் விண்ணப்பித்தாள், ராத்திரி பகலாகப் படித்தாள், கடைசியில் தேர்வுக்குப் போகவில்லை. "இந்தத் தடவ எழுதல" என்று மட்டும் சொன்னாள். நான் சும்மா இருந்திருக்கலாம். அவளுடைய அண்ணன் வீட்டில் விருந்துக்குப் போயிருந்தபோது, எல்லார் முன்னாலும், "படிச்சிருந்தால்ல எழுதுறதுக்கு" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்துக்கொண்டே எனக்கு ரசம் ஊற்றினாள்.

அடுத்த முறை அறிவிப்பு வந்தபோது எழுதினாள், தேறினாள். சான்றிதழ்களை இணையத்தில் ஏற்றுவது மட்டும்தான் பாக்கி. வயது வரம்பின்படி இதுதான் அவளுக்குக் கடைசி வாய்ப்பு.

கடைசி நாள், மாலை ஐந்து மணிக்குள் ஏற்றியாக வேண்டும். படித்த இடத்தில் வாங்க வேண்டிய நன்னடத்தைச் சான்றிதழுக்காகக் காலையிலேயே பெரியகுளம் போயிருந்தாள். இரண்டு மணிக்கு போன் வந்தது.

"ஏங்க, கையெழுத்து வாங்கிட்டேன். படம் எடுத்து அனுப்பிருக்கேன். நான் பஸ் மாறி வர்றதுக்குள்ள மணி அஞ்சாயிரும். போன்ல அந்தச் சைட்டு பாதிதான் தெறக்குது. நீங்களே ஏத்திருங்க."

"எப்படி ஏத்துறது? பாஸ்வேர்டெல்லாம் எனக்கு என்ன தெரியும்?"

"ஸ்கிரீன்ல ரெண்டாவது வரிசையில நீலக் கலர்ல ஒரு பிரவுசர் இருக்குல்ல, அதத் தெறங்க. பாஸ்வேர்டு அதுவா விழுகும்." பின்னால் பஸ்ஸின் ஹாரன் கேட்டது. "ஏங்க, வேற எதையும் கிளீன் பண்ணிராதீக."

எனக்குச் சுருக்கென்றது. நான் என்ன சின்னப் பிள்ளையா? போனை வைத்தேன்.

நீலப் பிரவுசர் திறந்தது. அவள் சொன்னது போலவே பாஸ்வேர்டு புள்ளி புள்ளியாகத் தானே விழுந்தது. உள்ளே போய், சான்றிதழைத் தேர்ந்தெடுத்து, பொத்தானை அழுத்தினேன். வட்டம் சுற்றியது, சுற்றியது, பிறகு பழைய பக்கமே திரும்ப வந்து, சான்றிதழ் வரவில்லை என்றது. ஐந்து முறை செய்தேன், ஐந்து முறையும் அதே கதை. பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது. பிரவுசரில் தேங்கியிருக்கும் பழைய கோப்புகளை நீக்கிவிட்டு மறுபடி முயலவும்.

தேங்கியிருக்கிறது, நீக்க வேண்டும். இதற்கென்றே பிறந்தவன் நான். கிளீன் பண்ணாதே என்று அவள் சொன்னது ஞாபகம் வந்தது. சைட்டே பண்ணச் சொல்லும்போது இவள் என்ன சொல்வது என்று கிளீனரைத் திறந்தேன்.

கிளீனர் தன் பட்டியலைக் காட்டியது. கடைக்கு நான் புழங்குகிற இரண்டு பிரவுசர்கள் அதில் இருந்தன. நீலப் பிரவுசர் இல்லை. கண்ணெதிரே திறந்து கிடக்கிறது, கிளீனர் அப்படி ஒன்று இருப்பதாகவே காட்டிக்கொள்ளவில்லை. சரி, முதலில் இந்த இரண்டையும் சுத்தம் செய்வோம், அப்புறமாவது புத்தி வருகிறதா பார்ப்போம் என்று அழுத்தினேன். பச்சைப் பட்டை ஓடியது, சுத்தமானது. நீலப் பிரவுசர் அப்போதும் பட்டியலுக்கு வரவில்லை.

மூடித் திறந்து பார்த்தேன். பிரவுசரை மூடிவிட்டுத் தேடச் சொன்னேன். கிளீனரின் புதிய பதிப்பை இறக்கினேன். அதுவும் சரிப்படாமல், அதை அடியோடு எடுத்துவிட்டு மறுபடி போட்டேன். கம்ப்யூட்டரை அணைத்து எழுப்பினேன், அதிலேயே கால் மணி நேரம் போயிற்று. வைரஸ் தடுப்பான் மறிக்கிறதோ என்று அதையும் நிறுத்திப் பார்த்தேன். தலைகீழாக நின்றும் பட்டியலில் அந்த இரண்டு பேர்தான். நடுவில் குழாய் மூடி கேட்டு வந்த ஒரு விவசாயி, நான் மானிட்டரைப் பார்த்துப் பேசிய பேச்சைக் கேட்டுவிட்டு, "பொறவு வாரேன்" என்று போய்விட்டார்.

மணி மூன்றே முக்கால். அவளுடைய கடைசி வாய்ப்பு என் கையால் போகப் போகிறது என்ற பயம் அப்போதுதான் வந்தது. கோபம் போன இடம் தெரியவில்லை.

தேனியில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கும் பெண் ஒருத்தி இருக்கிறாள். இந்தப் பள்ளத்தாக்கில் பாதிக் கடைகளின் கம்ப்யூட்டர்கள் அவள் கைப்பட்டவைதான். எங்கள் பெட்டியைத் திறந்து உள்ளேயிருந்து பல்லி முட்டைகளை முகம் சுளிக்காமல் எடுத்துப் போட்டவள். அவளைக் கூப்பிட்டேன். காய்கறி மார்க்கெட்டில் ஏதோ ஒரு கடையின் எடை மிஷினைப் பிரித்துப் போட்டிருந்தாளாம். பின்னால் ஏலக் கூச்சல் காதைக் கிழித்தது. நான் படபடவென்று கொட்டியதை முழுதாகக் கேட்டாள்.

"அண்ணே, கிளீனர் தேடிப் பாத்து இல்லங்குதா, தேடவே இல்லையா?"

"எல்லா எடமும் தேடத்தான தாயி அது இருக்கு?"

"அப்பிடித் தேடாதுண்ணே. பிரவுசர் வழக்கமா எங்கன இருக்குமோ அங்கன மட்டும் எட்டிப் பாக்கும். வேற எடத்துல இருந்தா அதுக்குத் தெரியாது. அந்த நீலப் படத்து மேல ரைட் கிளிக் பண்ணுங்க. ஃபைல் இருக்கிற எடத்தத் தெறன்னு ஒரு வரி இருக்கும். அத அமுக்குங்க."

அமுக்கினேன். ஒரு சின்ன ஃபோல்டர் திறந்து, உள்ளே நீலப் பிரவுசர் இருந்தது. அது எதற்குள் இருக்கிறது என்று ஒரு படி மேலே போனேன். பொங்கல் பானை, அரிவாள், மாலை போட்ட பங்காளிகள் வரிசையாக நின்றார்கள். அவர்களுக்கு நடுவில்தான் அந்தச் சின்ன ஃபோல்டர்.

"எங்கனண்ணே இருக்கு?"

"டி டிரைவுல, குலசாமி ஃபோல்டர்ல."

அவள் கொஞ்சம் சிரித்தாள். "இன்ஸ்டால் பண்ணாமலே ஓடுற பிரவுசர் அது. ஃபோல்டரோட எங்கன தூக்கி வச்சாலும் ஓடும். தானா அங்கன போயி விழுகாதுண்ணே. தெரிஞ்சுதான் யாரோ வச்சிருக்காக. சரி, இப்ப கிளீனர்ல என்னென்னத்துக்கு டிக் இருக்குன்னு வாசிங்க."

வாசித்தேன். பழைய கோப்பு, பார்த்த பக்கங்கள், இறக்கியவை, சேமித்த பாஸ்வேர்டுகள். எல்லாவற்றுக்கும் டிக் இருந்தது. கிளீனரைப் போட்ட முதல் நாளே எல்லாவற்றையும் டிக் செய்தவன் நான்தான். ஒன்றை விட்டால் அது சுத்தமா?

"பாஸ்வேர்டுக்குமா?" அவள் குரல் மாறியது. "அண்ணே, கிளீனர் கண்ணுல இந்தப் பிரவுசர் பட்டிருந்தா இந்நேரம் அக்காவோட பாஸ்வேர்டு போயிருக்கும். அத மூடுங்க முதல்ல."

கொஞ்ச நேரத்துக்கு முன் சுத்தம் செய்த மற்ற இரண்டில் ஒன்றைத் திறந்தேன். குழாய்க் கம்பெனிக்கு ஆர்டர் போடுகிற என் பாஸ்வேர்டு இருந்த இடம் துடைத்துவிட்டது போல் வெறுமையாக இருந்தது. வாரா வாரம் அதை ஏன் மறுபடி அடிக்க வேண்டியிருக்கிறது என்று அப்போதுதான் புரிந்தது.

பிறகு அவள் சொல்லச் சொல்லச் செய்தேன். கிளீனரை மூடிவிட்டு, நீலப் பிரவுசரின் அமைப்புக்குள்ளேயே போய், தேங்கிய கோப்புக்கு மட்டும் டிக் வைத்து, பாஸ்வேர்டு டிக்கில்லாமல் இருக்கிறதா என்று அவள் இரண்டு முறை கேட்டு, நான் இரண்டு முறை பார்த்து, அதற்குப் பிறகுதான் அழுத்தச் சொன்னாள். ஒரு பக்கம் மார்க்கெட்காரர் மிஷின் என்னாச்சு என்று கத்துகிறார். இவள் குரல் ஒரு படி ஏறவில்லை. என்னைப் போல ஆயிரம் முன்கோபிகளைப் பார்த்தவளாக இருக்க வேண்டும். அந்தப் பொறுமைக்கு நான் என் கடையையே எழுதி வைக்கலாம்.

சான்றிதழ் ஏறியது. பெறப்பட்டது என்று பச்சை எழுத்து வந்தபோது மணி நாலரையைத் தாண்டியிருந்தது. "வச்சிருந்தவுகளுக்கு நல்ல மூளைண்ணே, நான் கேட்டேன்னு சொல்லுங்க" என்று அவள் போனை வைத்தாள்.

மனைவி பஸ் ஸ்டாண்டிலிருந்து ஓட்டமும் நடையுமாக வந்து சேர்ந்தாள். பச்சை எழுத்தைப் பார்த்துவிட்டு நாற்காலியில் அப்படியே சாய்ந்தாள். திரையில் இன்னொரு பக்கம் குலசாமி ஃபோல்டர் திறந்து கிடந்தது. அதையும் பார்த்தாள்.

"ஏன் அங்கன கொண்டுபோய் வச்ச?" என்றேன்.

"அங்கன வச்சாத்தான் நீங்க தொட மாட்டீக."

"யாரு செஞ்சு குடுத்தது?"

"யாரு செய்யணும்? வீடியோவப் பாத்து நானே செஞ்சேன். செஞ்சு முடிக்க மூணு நாளாச்சு."

அப்புறம், நான் கேட்காமலேயே, தண்ணீர் குடித்துக்கொண்டே சொன்னாள். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஹால் டிக்கெட் எடுக்க உட்கார்ந்தபோது பாஸ்வேர்டு விழவில்லை. விண்ணப்பித்த வாரத்து வெள்ளிக்கிழமையே நான் கிளீனர் ஓட்டியிருந்தேன். அவள் பாஸ்வேர்டு அந்தக் குப்பையோடு போயிருந்தது. வேறு வாங்கலாம் என்றால், அதற்கான ஓடிபி எண் அவளுடைய பழைய சிம்முக்குத்தான் போகும், அந்த சிம் செத்துப் பல மாதம். பிரவுசிங் சென்டர் ஒன்று விடாமல் ஏறி இறங்கிப் பார்த்திருக்கிறாள். ஹால் டிக்கெட் கிடைக்கவில்லை. அடுத்த முறை புது எண்ணில் புதிதாகப் பதிந்தபோதுதான் பாஸ்வேர்டை என் கிளீனருக்கு எட்டாத இடத்தில் வைத்திருக்கிறாள்.

படிச்சிருந்தால்ல எழுதுறதுக்கு. அவளுடைய அண்ணன் வீட்டுக் கூடத்தில் நான் சொன்னது என் காதில் கேட்டது. அவள் ஊற்றிய ரசமும் கண் முன் வந்தது. வெட்கத்தில் எனக்கு முகம் எரிந்தது.

"ஏன் என்கிட்டச் சொல்லல?"

"சொன்னா வருத்தப்படுவீக. வருத்தம் வந்தா என்ன செய்வீக? கடையப் போட்டு ரெண்டு நாளு கழுவுவீக."

உண்மைதான். அந்த நிமிடமே என் கை மூலையில் சாத்தியிருந்த துடைப்பத்தைத் தேடிப் போயிருந்தது. அதை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு, ஸ்டூலை இழுத்து அவள் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தேன். மன்னித்துக்கொள் என்று சொன்னேன். குழாய் மூடி கேட்டு வந்த விவசாயி திரும்பி வந்து வாசலில் நின்று அதைக் கேட்டுவிட்டார். கேட்டால் கேட்கட்டும். இப்படி ஒருத்தியோடு ஒரே கடையில் இத்தனை வருடம் உட்கார்ந்திருந்தும் அவளை நான் பார்க்கவில்லையே என்றிருந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவளுடைய அண்ணன் வீட்டுக்குப் போய், அதே கூடத்தில், அன்றைக்குச் சிரித்தவர்களிடம் நடந்ததைச் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. அவள்தான் உள்ளே போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

இப்போது அவள் தினமும் காலை பஸ்ஸில் பெரியகுளத்துக்கு வேலைக்குப் போய் வருகிறாள். வெள்ளிக்கிழமைகளில் நான் கடையைக் கழுவி, பொட்டு வைத்து, சூடம் காட்டி, கிளீனரை ஓட்டுகிறேன். பாஸ்வேர்டுக்கு டிக் இல்லை. பட்டியலில் இன்றைக்கும் அந்த இரண்டு பிரவுசர்தான் வருகின்றன. மூன்றாவது எங்கே இருக்கிறது என்று அதற்கு நான் சொல்லவில்லை.