நுரை பொங்கினால் நிரந்தர வேலை

சயன்ஸ் பாடம் நடத்துவது சுலபம். பாடத்தில் சொன்னபடி சோதனைக் குழாயில் நடக்க வைப்பதுதான் உயிரை வாங்கும். நீங்களும் சயன்ஸ் டீச்சர் என்றால் இந்நேரம் பெருமூச்சு விட்டிருப்பீர்கள். நான் ஜீவனஹள்ளிப் பக்கம் ஒரு பள்ளியில் தற்காலிக டீச்சர். நொதி, அதாவது என்சைம், கூடினால் வினையின் வேகமும் கூடும் என்று இன்ஸ்பெக்டர் முன்னால் செய்து காட்டினால்தான் வேலை நிரந்தரம் என்றார் பிரின்சிபால்.

எச்சில்

செலவில்லாத நொதி எச்சில்தான். அயோடின் விட்டு நீலமான மாவுக் கரைசலில் எச்சிலைச் சேர்த்தால் நீலம் மறையும். எச்சில் அதிகமானால் சீக்கிரம் மறையும். ஆளுக்கு ஆள் எச்சிலின் வீரியம் மாறும் என்பதால் ஒரே ஆளின் எச்சிலை எல்லாக் குழாயிலும் விட வேண்டும். அடுத்தவர் எச்சிலைத் தொடப் பிள்ளைகள் ஒருவரும் தயாரில்லை. ஆளுக்கொரு குழாயில் அவரவர் எச்சில். குறைவாக விட்ட குழாய் முதலில் வெளுத்தது, நிறைய விட்டது நீலமாகவே நின்றது. தொட மாட்டேன் என்று முதலில் ஆரம்பித்த முதல் ரேங்க் வித்யாவைப் பிடித்துத் திட்டினேன்.

"எச்சில் டம்ளரையே எங்க வீட்ல தனியா வெப்பாங்க மிஸ். மார்க்குக்காக இதத் தொடச் சொல்றீங்களே!"

உருளைக்கிழங்கு

அடுத்து உருளைக்கிழங்குச் சாறு. ஹைட்ரஜன் பெராக்சைடில் விட்டால் நுரைக்கும். பிள்ளைகள் கொண்டுவந்த கிழங்குகளில் பிரவீனுடையது மட்டும் மெத்தென்று அரைபட்டது. ஒரு குமிழ்கூட வரவில்லை. வேகவைத்த கிழங்கு! வெந்தால் நொதி செத்துவிடும். மற்றவர்களுடையது நுரைத்தது, ஆனால் கண்ணாடி போட்டுத் தேடும் அளவுக்குத்தான். பிரவீனின் அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"பச்சைக் கிழங்கையா மிஸ் குடுத்தனுப்புறது? ஸ்கூல்ல எங்கள என்ன நெனைப்பாங்க! உப்புகூட போட்டிருக்கேன்."

ஈரல்

ஈரலில் நொதி நிறைய உண்டு. மல்லேஸ்வரத்தில் முட்டைகூட நுழையாத வீடு எங்களுடையது. மூக்கைப் பொத்திக்கொண்டு சிவாஜிநகர் கறிக்கடைக்குப் போனேன். துளியூண்டு ஈரல் கேட்டதும் கடைக்காரர், எத்தனை பேர் சாப்பிட என்றார். சாப்பிட இல்லை பாய், நுரை வருமா என்று பார்க்க என்றேன். அவர் முகம் சிவந்துவிட்டது.

"நம்ம கடை ஈரல்ல நுரையெல்லாம் வராது மேடம். அந்த மாதிரி கெட்டுப்போன மால் எதிர்க்கடையில கேளுங்க!"

இன்ஸ்பெக்டர்

வந்தார், வெள்ளைச் சட்டையில். கடைக்காரரைச் சமாதானப்படுத்தி வாங்கிவந்த ஈரலைக் கொஞ்சமாகப் போட்ட பெராக்சைடு குழாயில் நுரை நிதானமாக ஏறியது. கூடுதலாகப் போட்ட அடுத்ததில் விறுவிறுவென்று ஏறியது. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மூன்றாவதில் வித்யா மிச்சமிருந்த ஈரல் விழுது முழுவதையும் கவிழ்த்துவிட்டாள். இன்ஸ்பெக்டர் குனிந்து பார்த்த அதே நேரம் நுரை பீறிட்டு அவர் சட்டையை நனைத்தது. தொலைந்தது வேலை என்று கண்ணை மூடிக்கொண்டேன். போதும், புரிந்துவிட்டது என்று அவர் கன்னடத்தில் அலறினார்.

"சாக்கு மேடம், சாக்கு! கொத்தாய்த்து!"

வேலை நிரந்தரமாகிவிட்டது, நான் செய்து காட்டிய அழகுக்காக அல்ல, இன்னொரு தடவை செய்து காட்டச் சொல்ல அவருக்குத் தைரியம் வராததால்.