கிளட்ச் மிதித்த கல்யாணப் பெண்

எழுபதுகளின் கடைசி அது. பினாங்குக்குப் பாலம் வராத காலம். நிபோங் திபாலிலிருந்து ஜார்ஜ் டவுன் போக வேண்டுமென்றால், பட்டர்வொர்த்தில் காரோடு ஃபெர்ரி ஏறித்தான் கடலைத் தாண்ட வேண்டும். என் கல்யாணத்தன்று காலையில் நானும் அப்படித்தான் புறப்பட்டேன்.

காரை ஓட்டியவர் என் அண்ணன். வாடகைக் கார் பிடிக்கலாம் என்று அப்பா எவ்வளவோ சொல்லியும் கேட்கவில்லை. தங்கச்சியைத் தன் காரில்தான் கோயிலுக்குக் கொண்டுபோவேன் என்று ஒற்றைக் காலில் நின்றார். யார் யாரோ ஓட்டித் தேய்த்த பழைய கார் அது. முதல் நாள் முழுக்கக் கழுவித் துடைத்து, முன்பக்கம் ரிப்பன் கட்டி, பானெட்டுக்குக் குறுக்கே ஆளுயரப் பூமாலையையும் இழுத்துக் கட்டிவிட்டார். அந்த மும்முரத்தில் பானெட்டைத் திறந்து எண்ணெய் பார்க்க மட்டும் மறந்துபோனார்.

அப்பா, அம்மா, சொந்தக்காரர்கள் எல்லாரும் முன்னதாகவே பஸ்ஸில் போய்விட்டார்கள். பின் சீட்டில் நானும் அத்தையும்தான். நான் அழுதுகொண்டே வந்தேன். பெண் பார்க்க வந்த அன்று தலையை நிமிர்த்தவே இல்லை. மாப்பிள்ளையின் முகம்கூட எனக்குச் சரியாகத் தெரியாது. அத்தை ஒரு கையால் என் கண் மையைத் துடைத்துவிட்டுக்கொண்டே சட்டம் போட்டுக்கொண்டிருந்தார். வலது காலை எடுத்து வைத்து வீட்டை விட்டுக் கிளம்பிய பெண், இனிமேல் கோயில் வாசலில்தான் காலைத் தரையில் ஊன்ற வேண்டுமாம். நடுவில் எங்கும் இறங்கக் கூடாதாம்.

ஃபெர்ரி வரிசை நகர்ந்தபோது அண்ணன் கிளட்சை மிதித்தார். பெடல் அப்படியே போய்த் தரையோடு ஒட்டிக்கொண்டது. கியர் கரகரவென்று கத்தியதே தவிர விழவில்லை. பின்னால் ஒரே ஹாரன் சத்தம். ஃபெர்ரி ஆட்கள் சிலர் சிரித்துக்கொண்டே ஓடிவந்து, என்னையும் அத்தையையும் சேர்த்துக் காரை உள்ளே தள்ளிவிட்டார்கள். ஃபெர்ரி புறப்பட்டுவிட்டது.

அக்கரை சேர்வதற்குள் கார் சரியாகாவிட்டால் முகூர்த்தம் தவறிவிடும். அடுத்து ஆடி மாதம். அதற்குப் பிறகு நாள் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் சம்மதிப்பார்களோ என்னவோ!

அண்ணன் பெடலைப் படபடவென்று பலமுறை மிதித்துப் பார்த்தார். கொஞ்சம் எழும்பியது, மறுபடியும் இறங்கிவிட்டது. குனிந்து பெடலுக்கு மேலே கையை விட்டுத் தடவினார். அங்கே ஒழுகல் இல்லை, காய்ந்திருந்தது. பிறகு பானெட்டைத் திறக்க மாலையை அவிழ்த்தார். அதைத் தரையில் வைக்கக் கூடாது என்று அத்தை அலறினார். பின்னால் நின்ற காய்கறி லோரியிலிருந்து இறங்கி வந்த சீனர் ஒருவர், சற்றும் யோசிக்காமல் மாலையை வாங்கித் தன் கழுத்திலேயே போட்டுக்கொண்டார்!

கிளட்ச் எண்ணெய்க் குப்பி காலி. அண்ணன் பட்டு வேட்டியை மடித்துக் கட்டி, பேப்பரை விரித்துக் காருக்கு அடியில் புகுந்தார்.

"கியர் பாக்ஸ் கிட்ட இருக்கிற சின்ன சிலிண்டர் ஒழுகுது அத்தே. எண்ணெய் போயி காத்து பூந்திருச்சி. காத்த எடுத்துட்டா கோயில் வரைக்கும் தாங்கும்லா!"

லோரிக்காரரிடம் பிரேக் எண்ணெய் இருந்தது. அதுவே போதும். ஆனால் காற்றை எடுக்க மூன்று ஆள் வேண்டும். அண்ணன் அடியில் படுத்து நட்டைத் திறந்து மூட வேண்டும். குப்பி வற்றாமல் ஒருவர் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். இன்னொருவர் பெடலை மிதிக்க வேண்டும். லோரிக்காரர் ஊற்ற நின்றுவிட்டார். காரைத் தள்ளிய ஆட்கள் அவரவர் வேலைக்குப் போய்விட்டார்கள். அத்தைக்கு முட்டி வலி.

நான் கதவில் கை வைத்தேன். அத்தை அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். போச்சு, இனி ஒரு பிரசங்கம் நடக்கப்போகிறது என்று நினைத்தேன்.

"எறங்கக் கூடாதுன்னுதானே சொன்னேன்? சீட்டு மேல ஏறிப் போடி!"

காஞ்சிபுரம் பட்டையும் ஒட்டியாணத்தையும் கட்டிக்கொண்டு சீட்டைத் தாண்டியது பெரிய கூத்து. அத்தை கொசுவத்தைத் தூக்கிப் பிடித்து, பின்னாலிருந்து ஒரு தள்ளு தள்ளினார். ஸ்டியரிங் முன்னால் போய் விழுந்தேன்.

"அமுக்கு! இன்னும் அமுக்கு! அப்படியே புடி, விட்டுராத!" என்று அடியிலிருந்து அண்ணன் குரல் வந்தது. நட்டைத் திறந்ததும் காற்றும் எண்ணெயுமாகச் சீறியது. நட்டை மூடிய பிறகுதான், "இப்ப விடு!" என்றார்.

மேல்தளத்திலிருந்து ஆட்கள் இறங்கி வந்து சுற்றி நின்றுகொண்டார்கள். கொஞ்ச நேரத்தில் அவர்களும் சேர்ந்துகொண்டார்கள். நான் மிதிக்கும்போது "தெக்கான்!" என்று மலாயில் ஒரு கூச்சல், விடும்போது "லெப்பாஸ்!" என்று ஒரு கூச்சல். மலாய்க்காரர், சீனர், தமிழர் எல்லாம் ஒரே குரல். நான் எப்போது அழுகையை நிறுத்தினேன் என்றே தெரியவில்லை. வாய்விட்டுச் சிரித்துக்கொண்டு மிதித்தேன். தொளதொளவென்றிருந்த பெடல் மெல்ல மெல்லக் கெட்டிப்பட்டு, கடைசியில் என் பாதத்தை எதிர்த்துத் தள்ளியது. அந்த நேரத்தில் எனக்கு வந்த சந்தோஷம் சொல்லி முடியாது!

கரை வந்ததும் அண்ணன் ஸ்டார்ட் செய்தார். கியர் வழுக்கிக்கொண்டு விழுந்தது. மற்ற வண்டிகளை நிறுத்தி வைத்து எங்களை முதலில் விட்டார்கள். கோயிலில் இறங்கியபோதுதான், மாலை லோரிக்காரர் கழுத்தோடு போய்விட்டது தெரிந்தது. அத்தைக்கு அதில் கொஞ்சமும் வருத்தமில்லை. "போவட்டும், நல்லா இருக்கட்டும்" என்றார்.

முகூர்த்தம் தவறவில்லை. மெட்டி போட என் காலைத் தூக்கிய மாப்பிள்ளை, மருதாணிக்கு மேல் அப்பியிருந்த கறுப்புப் பிசுக்கைப் பார்த்து விழித்தார். நான் குனிந்து, "கிளட்ச்" என்றேன். அவர் சிரித்த சிரிப்பில் ஐயர் மந்திரத்தை நிறுத்திவிட்டார்.

கல்யாணம் என்றால் பெண்ணை ஒரு வீட்டிலிருந்து ஏற்றி இன்னொரு வீட்டில் இறக்கிவிடுவது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். யாரும் என்னைக் கொண்டுபோய் இறக்கவில்லை, நானே மிதித்துத்தான் போய்ச் சேர்ந்தேன் என்ற நினைப்பு இன்றும் எனக்குத் தெம்பாக இருக்கிறது.